தேன்குப்பிக்குப் பின்னால்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
லாரி போகும்போதெல்லாம்
திரை ஒருமுறை நடுங்கும் கடை என்னுடையது.
பின்னணி நீக்க ஒரு பொத்தான். ஆறு நொடி.
வீடு போகும், தென்னை போகும்,
கொடியில் காயும் லுங்கி போகும்,
ஆள் மட்டும் நிற்பார்
சின்னச் சின்னக் கட்டம் போட்ட வெறுமையில்.

பொத்தான் பெரிய காரியமில்லை.
எந்தப் படம் என்பதில்தான் பாடு.

தோவாளையிலிருந்து ஒருவர்
வெள்ளை வேட்டி விரித்து
அதில் மல்லிகை குவித்து அனுப்பியிருந்தார்.
இயந்திரம் வேட்டியைத் தின்றது. பூவையும் தின்றது.
காம்புகள் மட்டும்
பச்சை எறும்புகளாய் மிச்சம்.
'நீலச் சாக்கில் கொட்டி எடுங்க அண்ணே' என்றேன்.
'சாக்கிலயா? பூவையா?' என்றார்,
செருப்போடு சன்னதிக்குள் வரச் சொன்னதுபோல.
ஆனாலும் எடுத்தார்.

குளச்சலில் ஒரு மாப்பிள்ளை,
கல்யாண போர்டுக்கு,
கட்டுமரத்தில் ஏறி நின்று காற்றில் எடுத்த படம்.
முடி எது வானம் எது என்று புரியாமல்
மொட்டையடித்து விட்டது.
சரி, வேறு அனுப்பு என்றால்
குவித்த வலைமேல் சாய்ந்து கொண்டு ஒன்று.
வலை வேண்டாம் மக்கா,
ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு துண்டுக் கடல் கிடக்கும்.
யார் உட்கார்ந்து எடுப்பது?

அப்புறம் கடையாலுமூடு புஷ்பலீலா.
முப்பத்தொன்பது படம், ஒரே தேன்குப்பி.
ரப்பர் தளிரில் ஊறுகிற தேன்,
பூ கூட வேண்டாம் அந்த மரத்துக்கு.
ஆன்லைனில் போட வெள்ளைப் பின்னணி கேட்கிறார்களாம்.

முப்பத்தெட்டைத் தள்ளினேன்.
பின்னால் மஞ்சள் பெட்ஷீட் பிடித்திருக்கிறார்கள்;
மஞ்சள் எங்கே முடிந்து
மஞ்சள் எங்கே தொடங்குகிறது?
சிலதில் மூடிமேல் பெருவிரல்.
ஒன்றில் தேனீயே வந்து உட்கார்ந்திருக்கிறது,
அது சரக்கா பின்னணியா
எனக்கே தெரியவில்லை.

மிஞ்சியது ஒன்று.
பெட்ஷீட் இல்லை. தூரத்தில் மங்கலாய் மரங்கள்.
சாய்ந்த வெயில். கத்தியால் கீறியதுபோல் விளிம்பு.
இதுதான் என்று அமுக்கினேன்.

காடு போனது.
குப்பிக்குள் இருந்த காடு போகவில்லை.

பெரிதாக்கினேன்.
தேனுக்குள், இடம் வலம் மாறி,
வளைந்த ரப்பர் மரங்கள்,
மரத்துக்கொரு சிரட்டை,
கால் நட்டு நிற்கும் தேன்பெட்டிகள்.
நடுவில் ஒரு மனிதர்,
கடுகளவு,
தோளில் மஞ்சளாய் எதையோ போட்டுக்கொண்டு.

போன் செய்தேன்.
'குப்பிக்குள்ள ஒரு ஆளு நிக்காரு.'
அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம்,
படத்தை விரலால் விரிக்கிறாள் போல.
'அது எனக்க கெட்டியோனாக்கும்.
அத்தன படத்துக்கும் பெட்ஷீட் புடிச்சு கை கடுத்து
இதுக்கு மட்டும் இறக்கிப் போட்டாரு.'
பிறகு சொன்னாள்:
'எடுத்திருங்க. கலப்படம்னு சொல்லுவினும்.'

எடுத்துப் பார்த்தேன்.
சிரட்டை சிரட்டையாய், மரம் மரமாய்,
கடைசியில் அவரையும்.
வெள்ளைக்கு நடுவே குப்பி நின்றது.
உள்ளே தேன் இல்லை,
பழுப்பு பெயின்ட்.

ஒரு லாரி போனது. திரை நடுங்கியது.
பின்னோக்கும் அம்பை அழுத்தினேன்,
அவர் வரும்வரைக்கும்.

அப்படியே அனுப்பிவிட்டேன்.
நேற்று கோயம்புத்தூரில் யாரோ கேட்டாராம்,
தேனுக்குள் என்னமோ கறுப்பாய் மிதக்கிறதே என்று.
மெழுகாக்கும் என்று
சொல்லியிருக்கிறாள் புஷ்பலீலா.