இரட்டை மூக்கு

நான் முதுகு காட்டிப் பறந்தவன்.
வால்பக்கத்துத் துப்பாக்கிக்காரனுக்குப்
போகிற இடம் தெரியாது,
போய்விட்ட இடம்தான் தெரியும்.
தோன் நதியின் வளைவு,
அறுத்து முடித்த சூரியகாந்தி வயல்,
தண்ணீர்த்தொட்டி வைத்த ரயில் நிலையம்,
எல்லாம் என் இரண்டு பூட்ஸுக்கு நடுவே
சுருங்கிச் சுருங்கி இல்லாமல் போகும்.

முதலில் அதற்குச் சாதாரண முகம்தான்.
மூக்கில் நான்கு துப்பாக்கிகள்.
மூச்சுத்துளைகள் பின்னால், தோளருகே.
மார்ச் மாதக் காலையில்
பனிமீது கரி தூவி வரைந்த டாங்கியைப் பார்த்து
ப்ரோகர் விசையை அழுத்தினான்.
எனக்கு வந்தது முதலில் அதிர்வு.
அடுத்து வந்தது
சத்தமே இல்லாமை.

துப்பாக்கி கக்கிய புகையை
எஞ்சின்கள் இழுத்து விழுங்கி
இருமி அணைந்திருந்தன.
இரண்டும்.
தவளைக்கு மட்டும்தான் அந்த விதி
என்று நினைத்திருந்தேன்.
ஆயிரத்து இருநூறு மீட்டர்.
காதுக்குழாயில் ப்ரோகர்
தன் மாமியாரைத் திட்டிக்கொண்டே இறங்கினான்.
எழுநூறில் இடது எஞ்சின் தும்மியது.
அதற்குப் பிறகு அந்த அம்மாளை
அவன் ஒரு சொல் சொன்னதில்லை.

வெனியமீன் ஓசிபோவிச் யாரையும் கத்தவில்லை.
உணவகத்தில், பீட்ரூட் சாறு ஊறிய தாளில்
இரண்டு நீளக் கோடுகள் இழுத்தார்.
துப்பாக்கிகள் வயிற்றுக்குக் கீழே போகட்டும்.
மூச்சு முன்னால் போகட்டும், எல்லாவற்றுக்கும் முன்னால்,
புகை பிறக்கும் முன்பே
காற்றைக் குடித்துவிடட்டும்.

அப்படித்தான் வந்தது அந்த முகம்:
பக்கம் பக்கமாய் இரண்டு வட்டப் பொந்துகள்,
வேறொன்றுமில்லை.
பார்க்க வந்த ஜெனரல்
'இதை யார் முட்டினார்கள்?' என்று கேட்டார்.
பட்டறைப் பெண்கள் பன்றி என்றார்கள், செல்லமாகத்தான்.
நகிச்சேவான் தெருக்களில் வளர்ந்த வார்செனிக்,
எல்லோரிலும் ஒல்லி என்பதால்
அந்தக் குழாய்களுக்குள் மல்லாந்து கிடந்து ஆணி அடித்தாள்.
'உள்ளே என் மூச்சு
என்னிடமே திரும்பி வந்து விசாரிக்கிறது' என்றாள்.

ஜூனில் மறுபடி சுட்டோம். முழுப் பட்டையும்.
எஞ்சின்கள் பாட்டுக்கு ஓடின.
எங்கள் புகை
எங்களை விட்டுப் பிரிந்து, சாம்பல் துணிபோல் மடிந்து,
தன் வழியே போவதைப்
பார்த்தவன் நான் ஒருவன்தான்.
பின்னால் உட்கார்ந்ததற்கு
அது ஒன்று கிடைத்தது.

ஆணை நான்கே வரி.
இனி ஏவுகணைகள் போதும்.
தாழப் பறக்கிறவர்கள் தேவையில்லை.
ப்ரோகர் தபால் விமானத்துக்குப் போனான்.
வெனியமீன் ஓசிபோவிச்சுக்குக்
குளிர்பெட்டித் தொழிற்சாலை.
ஓடுதளத்தின் ஓரம் நின்ற ஐந்தையும்
தைத்தவளையே பிரிக்கச் சொன்னார்கள்.
அடித்தபோது ஆணிக்கணக்கில் கூலி,
அறுத்தபோது எடைக்கணக்கில்.
தீக்குழலைப் பிடித்துக்கொண்டு
மூன்று நாள் அவள் யாரோடும் பேசவில்லை.
நான்காம் நாள் பேசினாள், ரொட்டி வரிசையைப் பற்றி.

மூக்கு ஒன்றை மட்டும்
குளியல் இல்லத்து அடுப்புக்காரன் சாவ்வா
பனிச்சறுக்கு வண்டியில் இழுத்துப் போனான்.
பழைய புகைபோக்கி புயலில் விழுந்திருந்தது.

சனிக்கிழமைகளில் போகிறேன்.
நீராவியில், கதவுக்கு முதுகு காட்டி உட்கார்கிறேன்,
பழக்கதோஷம்.
கூரைமேல் வானம் பார்த்த இரண்டு பொந்துகளும்
பிர்ச் கட்டைப் புகையை
ஊதிக்கொண்டிருக்கின்றன.

வார்செனிக்கிடம் சொன்னேன்,
புகைக்குப் பயந்து நீட்டிய மூக்கு, பார்த்தாயா என்று.
அவள் சிரிக்கவில்லை.
தெருவில் நின்று, தலையைச் சாய்த்துக்
கேட்டுக்கொண்டிருந்தாள்.
'வடக்குக் காற்றில் இடது பக்கம் விசில் அடிக்கிறது.
அங்கே ஒரு ஆணி தளர்ந்திருக்கிறது.
என்னுடையது இல்லை' என்றாள்,
'அது ராத்திரி ஷிப்ட்.'