இடக்கைக்காரன்

பஞ்சிகாவத்தையில் எடைக்கு வாங்கிய
லொறி வில்தகடு.
அதிலிருந்த துருவை முதலில் சுரண்டி எறிந்தேன்.
அது வெறும் இருபது வருடத் துரு,
எனக்கு வேண்டியது ஒல்லாந்தர் காலத்தது.

விநாகிரியில் மூன்று இரவு.
பிறகு உப்பு, ஆறிப்போன பிளேன்டீ.
பிறகு வெள்ளவத்தைக் கால்வாய்ச் சேற்றில்
ஷொப்பிங் பையோடு புதைத்தேன்.
நாயொன்று கிண்டிப் போட்ட காலையில்
எனக்கே அதை மட்டுக்கட்ட முடியவில்லை.

எருமைக்கொம்புப் பிடி. பித்தளைப் பூண்.
பூணில் கம்பனியின் மூன்றெழுத்து,
நடு எழுத்தைச் சற்றே சரித்து,
களைத்த ஒருவன் வெட்டியதுபோல.
(அன்று எனக்கும் களைப்புத்தான்.)

பிடி தேய வேண்டுமே!
இரண்டு மாதம் எல்லாவற்றுக்கும் அதுதான்:
தேசிக்காய், பாண், சூரைமீன்,
மின்சாரசபைக் கடித உறை.
ஜெசிந்தா அந்த வெங்காயத்தைத் தொடவேயில்லை.

கோட்டையில் ஸ்பெல்டவிண்ட
பூதக்கண்ணாடியை எடுத்தார்.
அலகைத் தாண்டினார், துருவைத் தாண்டினார்,
பிடியின் ஓரத்தில் வந்து நின்றார்.
"தேய்மானம் மற்றப் பக்கத்தில் இருக்கிறதே?"

என் இடது கையை
மெல்லக் காற்சட்டைப் பைக்குள் விட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமலே சிட்டை எழுதினார்:
இடக்கைச் சிப்பாய் ஒருவனுடையது. மிக அபூர்வம்.
விலையில் ஒரு பூச்சியம் கூடியது,
எனக்கல்ல.

நூறாம் இலக்க பஸ்ஸில் சரியான சனம்.
தொங்கிக்கொண்டே வந்தேன்,
இருநூற்றெழுபது வயதுக் கையால்
கம்பியைப் பிடித்து.