கொருக்குப்பேட்டை கேட்

பூட்டிவிட்டேன்.
பூட்டியதைப் பார்த்துவிட்டேன்.
பார்த்தேனா என்று திரும்பப் போய்ப் பார்த்துவிட்டேன்.
டேங்கர் ரயில் கடந்து போன பிறகும்
பூட்டின் மேலேயே இருந்தது கை.
தொறய்யா என்றது முதல் பைக்.
மீன்கூடையோடு நின்றவள்
அதையே இன்னும் தெளிவான தமிழில் சொன்னாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் போனில் நம்பர் தருவார், எழுதிக்கொள்வேன்.
நாற்பத்தேழு.
நாற்பத்தேழுதானா சார் என்று மறுபடி கூப்பிடுவேன்.
யோவ் கோதண்டம், வேற வேலையில்ல ஒனக்கு?
இதுதான் சார் வேலை.

வீட்டில் கேஸ் குமிழ்.
விரல்நுனி தேய்ந்து பளபளத்தது.
புஷ்பலீலா ஒன்றும் பேசாமல்
ஸ்டான்லியில் சீட்டு வாங்கினாள்.

டாக்டர் ஃபரீதா பேனாவையும் மூடியையும்
எதிரெதிரே வைத்தார்.
இது ஒரு நரம்பு. இது அடுத்தது.
நடு இடுக்குல செரோடோனின்னு ஒண்ணு எறங்கி
சேதி சொல்லும்.
சொன்னதும் வந்த எடத்துக்கே இழுத்துக்கும்.
இந்த மாத்திரை, திரும்பிப் போற கேட்டை மூடும்.
கேட்டா, என்றேன்.
கேட்தான்.

எனக்கு அது கொறச்சலா டாக்டர்?
அப்படி அளந்து சொல்ல முடியாதுங்க.
நெறைய பேருக்குக் கேக்குது,
ஏன்னு முழுசாத் தெரியாது.
பத்து வாரம்கூட ஆகலாம்.
கூடவே, ஒருதரம் பாருங்க.
ரெண்டாந்தரம் தோணுச்சுன்னா கையக் கட்டிக்குங்க.

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி
அன்றைக்குத்தான் கேட்டேன்.

முதல் வாரம் குமட்டல்.
அந்தச் சரக்கில் பெரும்பங்கு குடலில்தானாம்;
மணலிக் காற்று வேறு.
அடுத்த வாரம் தூக்கம் போச்சு.
மூன்றாம் வாரம், விழுங்கினேனா என்று
மாத்திரை அட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன்.
புஷ்பலீலா சிரித்துவிட்டாள்.
நானும், கொஞ்சம் பிந்தி.

ஒன்பதாம் வாரம், மழை, ராத்திரி டியூட்டி.
பூட்டினேன். பார்த்தேன்.
சந்தேகம் வழக்கம்போல வந்தது,
தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்று
ஆரன் அடித்தது.
கையைக் கட்டிக்கொண்டேன்.
நெஞ்சு ஒவ்வொரு வேகனாகக் கடந்தது,
கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு தெரியும்வரை.

போன் அடித்தது.
கோதண்டம், இருக்கியாய்யா?
இருக்கேன் சார்.
இல்ல, நம்பரத் திரும்பக் கேக்கலியே நீ...
அம்பத்திரெண்டுதானே எழுதிக்கின?