முந்தானையின் சத்தம்

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது.
யீஷூன், பதினொன்றாம் மாடி.
சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி
வட்ட விளக்கைப் போட்டால்
என் வரவேற்பறை கடையாகிவிடும்.

நல்ல விளக்குதான்.
எனக்கு ஐந்து வயதைக் குறைத்தது,
சேலைக்கு ஐம்பது வெள்ளியைக் கூட்டியது.

மூன்றாவது வாரம்
புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தையல்நாயகி எழுதினார்:
"மயில்கழுத்து என்றீர்கள்.
வந்திருப்பது பள்ளிச் சீருடை."
கூடவே ஒரு படம்.
சமையலறைக் குழல்விளக்கின் கீழ்
என் பொய்
நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

நான் சொல்லவில்லை, விளக்கு சொன்னது
என்று தட்டினேன்.
அழித்தேன்.
பணத்தைத் திருப்பிக் கொடுத்து
சேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
அவர் அனுப்பிவிட்டார்,
தபால் செலவையும் தாமே ஏற்று.
அதுதான் உறைத்தது.

அதன்பிறகு பொதுத் தாழ்வாரத்தில்தான் படம்.
சனிக்கிழமை மாலை நாலரை,
மழைக்கு முந்திய வெளிச்சம்.
பக்கத்து வீட்டு ரொஹானா அக்கா கைபேசியைப் பிடிப்பார்.
பின்னால் மூங்கில் கழியில்
யாருடைய உள்ளாடையோ காயும்.
இருக்கட்டும், நிறம் நிறமாக இருக்கிறது.
இதோ இங்கே ஒரு நூல் அறுந்திருக்கிறது,
இது அழுக்கில்லை, சாயம் ஊறியது,
கொசுவத்துக்குள் போய்விடும்,
ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும்
என்று கட்டைவிரலை வைத்துக் காட்டுகிறேன்.
பார்ப்பவர்கள் பதினான்கு பேர்.
அதில் ஒருத்தி நான்,
இன்னொரு கைபேசியில்.

ஒருநாள் செங்காங்கிலிருந்து ஒரு கேள்வி:
"அம்மாவுக்காகக் கேட்கிறேன்.
பார்வை போய் இரண்டு வருடம்.
நிறத்தை விடுங்கள்.
துணி எப்படி இருக்கும்?"

மென்மை என்று சொல்ல வாய் எடுத்தேன்.
எல்லாச் சேலைக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்,
பாலியெஸ்டருக்கும்.

லிஃப்ட் கதவு மூடும்வரை காத்திருந்தேன்.
கைபேசியின் அடியில் இருக்கும் சின்னத் துளைகளுக்கு அருகே
முந்தானையைப் பிடித்து
மெல்லக் கசக்கினேன்.
கஞ்சி விட்டுப்போன பருத்திக்கு ஒரு சத்தம்,
வறுத்த ரவையைக் கையால் அளைவதுபோல.
ஜரிகைக் கரைக்கு வேறொன்று, கொஞ்சம் கோபமாக.
நான் பேசவில்லை.
நாற்பது விநாடி.
பதினான்கில் ஒருவரும் போகவில்லை.
செங்காங் எழுதியது:
"இன்னொரு தடவை. கரையை மட்டும்."

அந்த நாற்பது விநாடியை
யாரோ யாருக்கோ அனுப்ப,
திங்கட்கிழமை கிடங்கில்
நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது
சட்டைப்பை அதிர்ந்துகொண்டே இருந்தது.
இருநூற்று ஆறு பேருக்கு அந்தச் சேலை வேண்டும்.
அந்தச் சேலை ஒன்றே ஒன்று.

மொத்த வியாபாரி கலியமூர்த்தி கூப்பிட்டார்:
"அதே கரை, விசைத்தறி, நாளைக்கே இறக்குகிறேன்.
அதே வீடியோவைப் போடும்மா.
சத்தத்தை யார் ஒத்துப் பார்க்கப் போகிறார்கள்?"

யோ சூ காங்கிலிருந்து காத்திப் வரை
கணக்குப் போட்டேன், மறைக்க மாட்டேன்.
இருநூற்று ஆறு பெருக்கல் இருபத்தெட்டு வெள்ளி.
வீட்டுத் தவணை, பையனின் பல் கம்பி,
மிச்சத்தில் ஒரு நல்ல நாற்காலி.
யீஷூனில் கதவு திறந்தபோது எழுதினேன்:
"ஒன்றுதான் இருந்தது. செங்காங் போய்விட்டது."

கோபத்தில் சிலர் திட்டினார்கள்.
பலர் திட்டக்கூட நிற்கவில்லை.
ஒன்பது பேர் தங்கினார்கள்.

இந்தச் சனிக்கிழமை இருபத்திரண்டு.
இருபத்து மூன்றாக இருந்திருக்கும்,
என் இன்னொரு கைபேசியில் சார்ஜ் இல்லை.
நடுவில் தையல்நாயகியின் பெயர் வந்தது.
ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை.
சாரல் அடித்து,
சேலைகளை அள்ளிக்கொண்டு நான் உள்ளே ஓட,
ரொஹானா அக்கா தரையைப் படம்பிடித்தபடி நின்றாராம்,
அப்போதும்
அந்தப் பெயர் அங்கேயே இருந்ததாம்.