இரண்டரை நட்சத்திரம்

தண்டர் பே, செவ்வாய்க்கிழமை, மைனஸ் இருபத்தாறு.
வேன் கிளம்ப மாட்டேன் என்றது.
பேட்டரிக்கு வயர் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஐலா.
நான் கையுறையோடு டொராண்டோ பேப்பரைப் புரட்டி
உரக்க வாசித்தேன்:

"முதல் தட்டில் இருந்த காயம் எங்கே?"

கேட்டிருந்தவர் ஹார்கோர்ட்.
பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தவளிடம்
கேட்கிற மாதிரி.

முதல் தட்டின்போது அவளுக்கு இருபத்திரண்டு.
எவனோ ஒருவன், பெயர் எதற்கு,
பாதி காபியோடு எழுந்து போயிருந்தான்.
அதே சமையலறையில்தான் பதிவு செய்தோம்.
நாலாவது பாட்டில் பழைய ஃபிரிட்ஜ் முனகும்,
நிறுத்த மறந்துவிட்டோம்.
"துயரத்தின் சுருதி" என்று எழுதினார்கள் அதை.
வாங்கிய பெயரில் மூன்றில் ஒரு பங்கு
அந்த ஃபிரிட்ஜுக்குச் சேரவேண்டியது.

தலைச்சனுக்கு ஊரே தொட்டில் கட்டும்.
அடுத்ததற்கு
அண்ணன் போட்டுக் கிழித்த சட்டை.

இந்தத் தட்டை அவள் எழுதியது
நகராட்சியின் உப்பு லாரியில்.
இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை
முன்னால் விளக்கு விழும் அளவுக்குச் சாலை,
பின்னால் சிதறிக்கொண்டே வரும் உப்பும் மணலும்.
பாட்டில் யாரும் யாரையும் விட்டுப் போவதில்லை.
ஏரிக்கரையில் காலியான தானியக் கிடங்குகள் இருக்கின்றன.
விடிகாலை நான்குக்கு
நாய்க்காகக் கதவு திறக்கும் ஒரு மனிதன் இருக்கிறான்,
கை அசைக்கிறான், அவ்வளவுதான்.
மூன்றாவது பாட்டில் கிதாரே கிடையாது.
நான்கு நிமிடம் நான் ஒரே ஸ்வரம்.

"பாஸ் வாசிப்பவர் தூங்கிவிட்டார் போலும்."
இதுவும் ஹார்கோர்ட்தான்.
தூங்கவில்லை ஐயா, எண்ணிக்கொண்டிருந்தேன்.
இருநூற்று எழுபத்திரண்டு.

ஐந்துக்கு இரண்டரை போட்டிருக்கிறார் என்றேன்.
அந்த அரை நட்சத்திரத்தை
எப்படி வெட்டுவார்கள் என்று கேட்டாள்,
குறுக்கிலா நெடுக்கிலா.
நான் படத்தைப் பார்ப்பதற்குள்
வேன் இருமிக்கொண்டு உயிர் பிடித்தது.
பேப்பரை ஜன்னல் இடுக்கில் செருகினாள்,
காற்று வரும் இடம் அது.

ஊர்ப் பெயர் வாவா.
அப்படி அழைத்தும் வந்தவர்கள் முப்பத்தொரு பேர்.
முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே
சமையலறைப் பாட்டைக் கேட்டார்கள்.
பாடினாள், முகம் சுளிக்காமல்,
வாடகை கட்டுவதைப் போல.
ஃபிரிட்ஜின் பகுதியை நான் முனகினேன்.

பிறகு அந்த மூன்றாவது பாட்டு.
பாதிப் பேர் பீர் வாங்கப் போனார்கள்.
ஸ்பீக்கர் பக்கத்தில் ஆரஞ்சுக் கோட்டு போட்ட ஒருத்தி
கண் மூடி நின்றாள்,
வலது கால் மட்டும்
இல்லாத ஒரு பெடலை லேசாக அழுத்தியபடி.

வயர்களைச் சுருட்டும்போது வந்து கேட்டாள்:
"மணிக்கு நாற்பது கிலோமீட்டர்தானே?"

நாற்பத்திரண்டு, என்றாள் ஐலா.
அன்றைக்கு உப்பு கொஞ்சம் ஈரம்.