பத்துச் சாண்

எண் சாண் உடம்புக்குப்
பத்துச் சாண் வண்டி.
முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே
அவ்வளவுதான் தரை.
சோதனைக் கொட்டகையில் ஆர்லோ க்ரோல்
நாடா பிடித்துத் தொண்ணூறு அங்குலம் என்று எழுதுகிறார்.
"இடப்பக்கம் கால் அங்குலம் குறையுதே?"
"அது அதன் குணம்" என்கிறாள் ராய்லீன்.

வார நாட்களில் அவள் ஓட்டுவது பள்ளிப் பேருந்து.
மஞ்சள், நாற்பது அடி.
ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு
ஒரு மிடறு காபி குடிக்கலாம்,
அதற்குப் பிறகுதான் அது திரும்பும்.
சனிக்கிழமை இந்த ஆங்கிலியா.
லண்டன் பக்கம் யாரோ உருளைக்கிழங்கு வாங்கிவரப்
பிறந்த வண்டி.
நாலு சிலிண்டருக்குக் கட்டிய வீட்டில்
இப்போது எட்டு குடியிருக்கின்றன,
எட்டும் சண்டைக்காரர்கள்.
முன்பக்கம் தூக்கலாக நிற்கும்,
தும்மப்போகிறவனின் முகம்போல.

நீள வண்டி கொஞ்சம் பொறுக்கும்.
இது
கேள்வி முடியும் முன்னே பதில் சொல்லும்.
ஒரு நூல் திருப்பினால் ஒரு முழம் போகும்.
திருத்தினால் மறுபக்கம் இரண்டு முழம்.
திருத்தியதைத் திருத்தியவர்கள்
வேலியோரம் நின்று அந்தக் கதையைச் சொல்வார்கள்,
கையில் கட்டோடு.

நான் அவள் முன்னாள் கணவனின் தம்பி.
விவாகரத்தில் வண்டியோடு
நானும் அவள் பக்கம் வந்துவிட்டேன்.
என் வேலை விரல் வேலை.
டயரைச் சூடாக்கிப் புகைகக்கிக்
கோட்டைத் தாண்டி ஓடியவள்
பின்னோக்கி வரவேண்டும்,
தானே போட்ட கறுப்புத் தடத்தின் மேலேயே.
பின்கண்ணாடியோ சாப்பாட்டுத் தட்டு அளவு.
எனவே அவள் என்னைத்தான் பார்ப்பாள்.
என்னைக்கூட அல்ல, என் விரலை.
இடம் ஒரு விரல். வலம் அரை விரல். போதும்.
மூட்டிய கையென்றால் நில்.
ஏழு வருடமாக
நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது இப்படித்தான்.

அன்றைக்கு அந்தி. சோயா வயல் மேலே கொசு.
பக்கத்துத் தடத்தில் டுவேன் வூர்ஹிஸின் வில்லிஸ்,
எங்களைவிடப் பத்து அங்குலம் மூத்தது,
உறுமிக்கொண்டு.
அப்போது தார் ஓரச் சரளையிலிருந்து
ஒரு குருவி ஓடிவந்தது.
கல்லுக்குள் முட்டையிடுமே, அந்த ஆள்காட்டி.
ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு
ஒடிந்ததுபோல நடித்தது.
பதினாறு பிஸ்டன் சத்தத்துக்கு முன்னால்,
அத்தனை பேரையும் ஏமாற்றிவிடலாம் என்று.
நான் ஏமாந்தேன்.
என் ஆள்காட்டி விரல்
தன் பெயர்க்காரியையே காட்டி நின்றது.

ராய்லீன் கேள்வி கேட்பவள் அல்ல.
விரல் சொன்ன பக்கம் வந்தாள்.
தடத்தை விட்டு ஒரு சாண் வலத்தே
வண்டியை நிறுத்தினாள்.
கத்தினேன்.
யார் காதில் விழும்?
மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை.

முன்சக்கரம் இரண்டும் எழுந்தன.
அந்த நொடியில் அவளுக்குத் தெரிவது வானம் மட்டும்.
இறங்கும்போது வால் விலகிவிட்டது.
ஒரு டயர் தாரில், ஒரு டயர் சரளையில்,
கற்கள் வேலித் தகட்டில் ஆலங்கட்டிபோல அடித்தன.
அவள் திருப்பவில்லை.
எல்லாரும் திருப்பியிருப்பார்கள்; நானும்.
கை அப்படியே இருக்க,
காலை மட்டும் எடுத்தாள்.
வண்டி இரண்டு முறை தலையாட்டி, யோசித்து,
நேரானது.
வூர்ஹிஸ் எப்போதோ போய்விட்டிருந்தார்.

திரும்பி வந்து தலைக்கவசத்தைக் கழற்றினாள்.
நெற்றியில் அதன் விளிம்பு பதிந்திருந்தது.
"எங்கே காட்டின?"
சொன்னேன்.
திட்டுவாள் என்று நின்றேன்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தாள்.
வேலிக் காலடியில் கூழாங்கல் நான்கு;
அவற்றில் ஒன்றுகூடக் கூழாங்கல் இல்லை.
பக்கத்தில் எங்கள் டயர் உழுத சால்.
க்ரோலிடம் நாடா வாங்கி,
மண்டியிட்டு, இரண்டுக்கும் நடுவே வைத்தாள்.
ஒன்பது அங்குலம்.

ஆரஞ்சுக் கூம்பு ஒன்றைக் கொண்டுவந்து
அங்கே நட்டாள்.
அது போதாதென்று இன்னொன்று.
குருவி சற்றுத் தள்ளி நின்று
மறுபடி சிறகை ஒடித்துக் காட்டியது.

"அடுத்த தடவை
பறவை வந்தால் வேறு விரலில் காட்டு"
என்றாள்.