சுவருக்கு இந்தப் பக்கம்

பீடோக் கோப்பிக்கடையில்
இரண்டு மேசைகளை இழுத்து ஒட்டிப் போட்டோம்.
வருடத்துக்கொரு முறை, மே மாத வெள்ளிக்கிழமை.
இந்தத் தடவை ஐந்து பேர்.
ரஃபிடாவின் முழங்காலில் உறை.
பெரைரா கோப்பி ஓ கொசோங் கேட்கிறான்,
காரணத்தை யாரும் கேட்கவில்லை.

எங்களில் ஒருவர்கூட ஆட்டத்தில் பந்தைத் தொட்டதில்லை.
நாங்கள் கத்தியவர்கள்.
மைலோ டின்னில் கரண்டியால் அடித்தவர்கள்.
பொருளியல் வகுப்புக்கு மட்டம் போட்டு
மறுநாள் வெயிலில் நின்றவர்கள்.

மூன்று வருடம் தோற்கவே இல்லை என்கிறாள் பவளராணி.
இரண்டு, என்கிறான் லியோங்.
இரண்டரை என்று சமாதானம் ஆயிற்று.

கல்லூரி இப்போது வேறொன்றோடு சேர்ந்து
வேறு பெயரில் இருக்கிறது.
வாசலில் காவலர் எங்கள் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து
"யாரைப் பார்க்கணும்?" என்கிறார்.
பதில் இல்லை.

குவெக்கின் இடது கை பற்றிப் பேசினோம்.
எட்டாம் எண் திருவரசு பற்றி.
காலணியின் அடி பிளந்து
கறுப்பு டேப் சுற்றிக்கொண்டு ஆடியவன்.
வருடா வருடம் அந்த டேப்
ஒரு சுற்று கூடுகிறது.

பிறகு, வழக்கம்போல, இறுதி ஆட்டம்.
கடைசி நான்கு விநாடி. ஒரு புள்ளி பின்னால்.
பெரைரா பல்குச்சி டப்பாவை நகர்த்துகிறான்:
"திருவரசு இங்கேதான் நின்னான்."
"மூலையில்," என்று ரஃபிடா
அதைச் சில்லி சாஸ் தட்டுக்குப் பின்னால் தள்ளுகிறாள்.
பலகையில் பட்டது. படவே இல்லை.
வளையத்தில் இரண்டு முறை சுற்றியது. மூன்று.
எல்லாரும் என் பக்கம் திரும்புகிறார்கள்.
நான்தான் நன்றாகச் சொல்வேன்.

முப்பத்து மூன்று வருடமாகச் சொல்கிறேன்.
கல்யாண விருந்துகளில்.
ரிசர்விஸ்ட் கூடாரத்தில், கொசுவோடு.
லியோங்கின் அம்மா இறந்த இரவு
புளோக்கின் கீழ்த்தளத்தில்
வேர்க்கடலை உரித்துக்கொண்டே.

வாய் திறந்தேன்.
வேறொன்று வந்தது.

நான் உள்ளே இல்லை.

மழை. பேருந்து தாமதம்.
அரங்கு நிரம்பிவிட்டது என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.
பின்பக்கம், துடைப்பமும் வாளியும் வைக்கும் இடத்தில்
காதைச் சுவரில் வைத்து நின்றேன்.
காலணிகளின் கீச்சு.
பந்து. பந்து. பந்து.
பிறகு பந்து இல்லை.

அந்தப் பந்து இல்லாத நேரத்தை
நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள்,
பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.
அது நான்கு விநாடி இல்லை.
வாளியில் ஒரு சொட்டு விழுந்தது,
அடுத்த சொட்டு கூரை விளிம்பில்
விழுவதா வேண்டாமா என்று நின்றது.
திடீரென்று சுவர் என் கன்னத்தில் அறைந்தது.
சத்தத்துக்கு அப்படியொரு கை.
யார் ஜெயித்தது என்று தெரியாமலே குதித்தேன்,
வாளி கவிழ்ந்தது,
காற்சட்டையெல்லாம் அழுக்குத் தண்ணீர்.

மேசையில் யாரும் பேசவில்லை.
மீன் சூப் கடைக்காரர் மட்டும்
எண்ணைக் கூவிக்கொண்டிருந்தார்: நாற்பத்தாறு, நாற்பத்தாறு.

"அப்ப அந்த வளையத்தில் சுத்தினது?"
"நீ சொன்னதுதான், ராணி. திரும்பி வரும்போது, பேருந்தில்."
"நானா? எனக்கு முன்னால ஒரு நெட்டை ஆளு.
முதுகைத்தான் பார்த்தேன்.
நீ சொல்லித்தான் எனக்கே தெரியும்."

திருவரசையே கேட்கலாம்.
பெர்த்தில் இருக்கிறான், அங்கேயும் இதே மணிதான்,
தூங்கியிருக்கமாட்டான்.
ரஃபிடா கைப்பேசியை எடுத்தாள்,
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
கவிழ்த்து வைத்தாள்.

பெரைரா கோப்பியின் அடிவண்டலைக் குடித்து முடித்தான்.
"சரி. முதலிலிருந்து சொல்லு.
இந்தத் தடவை வெளியே நின்னு."

உப்புக் குப்பியை எடுத்து
மேசை விளிம்புக்குக் கொண்டுபோனேன்.
சுவர் எங்கே, என்றேன்.
லியோங் பீர் விலை அட்டையை எடுத்து
எனக்கும் ஆட்டத்துக்கும் நடுவில்
செங்குத்தாக நிறுத்தினான்.